பாலத்துக்கு அங்காலை நின்று எடுத்த படம்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நகையும் வேண்டாம், சீலையும் வேண்டாம், அம்மா எடுத்த பாலப் படங்களில் ஒன்றைச் சட்டம் போட்டுத் தந்தால் போதும், புது வீட்டில் மாட்டலாம் என்று எழுதியிருக்கிறாய். சரி, தருகிறேன். கலியாணத்துக்கு நான் வருவேனா என்று நீ கேட்கவில்லை. அந்த மட்டில் உனக்குப் புத்தி இருக்கிறது. கேட்டிருந்தால் பதிலுக்கு நல்ல ஏச்சு வந்திருக்கும். ஆனால் தாளின் அடியில், இடம் போதாமல் போனது போல, சின்ன எழுத்தில் இன்னொன்று எழுதியிருக்கிறாய். அவர்களுடைய மாதா கோயிலில் பெண்ணைத் தகப்பன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் விடுவது வழக்கமாம். யார் கூட்டிவரப் போகிறார்கள் என்று சுவாமியார் கேட்டாராம். "என்ன சொல்லட்டும் அம்மா?" என்று நிறுத்திவிட்டாய். இடம் இருந்தது பிள்ளை, தாளின் மறுபக்கம் வெறுமையாகத்தான் கிடந்தது. நீ கேட்டது அப்பா வருவாரா என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்கமாட்டேன். முதலில் படத்தைத் தெரிவு செய்வோம். இதை நீ ஒளித்து வைத்து வாசிக்கவும் தேவையில்லை; உன் சிநேகிதிக்கும் காட்டு, மாப்பிள்ளைக்கும் காட்டு, பெரியப்பா கேட்டால் அவருக்கும் வாசித்துக் காட்டு.

அப்பா சங்கக்கடையைத் திறக்கப் போய்விட்டார். சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் படங்களை எல்லாம் பரப்பி வைத்திருக்கிறேன். காற்றுக்குப் பறக்காமல் இருக்க உப்புப் போத்தலும் அகப்பையும் மேலே இருக்கின்றன. உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் ஒருதரம் எழுதி வைக்கிறேன், நாளைக்கு உன் பிள்ளைகள் கேட்டால் சொல்லலாம். கிழக்கே எங்கள் ஊர், புகையிலையும் மிளகாயும் வெங்காயமும். மேற்கே அவர்களின் ஊர், வள்ளங்களும் வலைகளும் வெள்ளை அடித்த கோயிலும். நடுவிலே கடல் கை நீட்டினது போல உள்ளே வந்து போகிற ஒரு வாய்க்கால், அதன்மேல் இந்தப் பாலம். வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் நடந்துவிடலாம். ஆனால் நாங்கள் நடப்பதில்லை. அவர்கள் மீன் நிறைந்த ஓலைக் கடகத்தோடு எங்கள் பக்கத்துப் பாலத்தடிக்கு வருவார்கள், நாங்கள் கத்தரிக்காயும் பனங்கட்டியும் கொண்டு அதே இடத்துக்குப் போவோம். விற்று வாங்கி, நாலு கதை கதைத்து, அவரவர் வழியில் திரும்பிவிடுவோம். யாரும் சட்டம் போடவில்லை. அப்படித்தான் இருந்தது, அப்படியே இருந்தோம்.

முதற்படம் பழைய மரப்பாலம். மலாயாவில் இருந்த என் அண்ணை, உன் பெரிய மாமா, என் கலியாணத்துக்கு வந்தபோது நகைக்குப் பதிலாக ஒரு பெட்டிக் கமராவைக் கொண்டுவந்து தந்தார். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உது?" என்று ஊர் கேட்டது. பெட்டியை வயிற்றோடு வைத்துக் குனிந்து பார்த்தால் சின்னக் கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். எனக்கு அது பிடிபட நாள் எடுத்தது. முதல் றோலைக் கழுவி எடுத்து வந்தபோது பாலம் சரிந்து, கடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. உன் அப்பா படத்தைக் கையில் வாங்கித் தலையையும் சரித்துப் பார்த்தார். "கெதியா ஒரு வாளி கொண்டு வாரும், கடல் எல்லாம் இந்தப் பக்கத்தாலை ஊத்துது" என்றார். நான் வெட்கத்தில் பாலந்தான் கோணல் என்றேன். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று சொல்லிச் சிரித்தார். கலியாணமாகி அவர் என்னோடு விட்ட முதல் பகிடி அது. எனக்கு அந்த மனிசனை அன்றைக்குத்தான் பிடித்தது. அவர் இன்றைக்கு இருக்கிற இருப்பைப் பார்த்து, அவர் எப்போதும் இப்படித்தான் என்று நீ எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அடுத்தது சீமெந்துப் பாலம் திறந்த நாள். நீ அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். அந்தத் திறப்பு விழாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். எங்கள் ஆட்கள் எங்கள் பக்கத்தில் பந்தல் போட்டு நிறைகுடம் வைத்தார்கள். அவர்கள் தங்கள் பக்கத்தில் பந்தல் போட்டுச் சுவாமியாரை நிறுத்தினார்கள். யார் பந்தலில் றிபன் கட்டுவது என்று கூட்டம் மேல் கூட்டமாகக் கதைத்து ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் இரண்டு றிபன். கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் இந்தப் பக்கம் வெட்டிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து போய் அந்தப் பக்கமும் வெட்டினார். ஒரே பாலத்தை இரண்டு தரம் திறந்த ஊர் உலகத்திலே வேறு எங்கே இருக்கும்? என்னைத்தான் படம் எடுக்கச் சொன்னார்கள். எங்கள் பந்தல், எங்கள் நிறைகுடம், தலைப்பாகையோடு பெரியப்பா, மாலையோடு பெரிய மனிதர், எல்லாம் இருக்கிறது. அங்காலைப் பந்தல் ஒரு படத்திலும் இல்லை. தூரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான்.

அதன் பிறகு எடுத்தவை எல்லாவற்றையும் இன்றைக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். வற்றுக்காலத்தில் தூண்களில் மட்டி ஒட்டியிருக்கிற படம், மாரியில் வெள்ளம் முட்டி நிற்கிற படம், கச்சான் காற்றில் தண்ணீர் மடிப்பு மடிப்பாக வருகிற படம். யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்காரர் எனக்கு இரண்டு விதி சொல்லித் தந்திருந்தார். வெயில் எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இயற்கைக் காட்சி எடுக்கும்போது ஆட்கள் குறுக்கே நிற்கக்கூடாது. முதல் விதிப்படி நான் காலையில் எங்கள் பக்கத்தில் நின்று எடுப்பேன். காலை வெயில் முதுகில் விழும், என் நிழல் நீண்டு படத்தின் அடியில் வந்து படுத்துக்கொள்ளும், ஸ்ரூடியோக்காரர் அதை வெட்டித் தருவார். அங்காலை போய் எடுத்தால் என்ன என்று யாராவது கேட்டால், "வெயில் முகத்திலை அடிக்கும், படம் சரிவராது" என்பேன். பின்னேரம் அங்கே போய் நின்றால் வெயில் முதுகில்தானே விழும்? அது எனக்குத் தெரியாமல் இல்லை. பிலிம் றோல் கிடைக்காத காலத்திலும், வயிற்றுக்குப் பாண் வாங்க வரிசையில் நின்ற காலத்திலும், ஒரு றோலை வருசக் கணக்கில் பொத்திப் பொத்தி எடுத்தவள் நான். இருந்தும் இத்தனை படத்தில் ஒன்றாவது மறுகரையில் நின்று எடுக்கவில்லை. சூரியனைச் சாட்டு வைத்தே காலத்தைக் கடத்திவிட்டேன்.

இரண்டாவது விதியால் ஒரு சண்டை வந்தது. ஆளில்லாத பாலம் வேண்டும் என்று சந்தை கலையும் வரை காத்து நின்றேன். எல்லாரும் போய்விட்டார்கள், உன் மாமியாராக வரப்போகிற திரேசம்மா மட்டும் கடகத்தைக் கவிழ்த்துவிட்டு அதன் மேல் குந்தியிருந்தாள்.

"திரேசம்மா, கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லும், படம் எடுக்கப்போறன்" என்றேன்.

"நான் இருந்தா உங்கடை பாலம் விழுந்திடுமோ அக்கா?"

"விழாது. படம் பழுதாப் போகும்."

"ஒட்டி மீன் வாங்கேக்கை நான் வேணும். படத்துக்கு மட்டும் பழுதோ?"

அவள் எழும்பவே இல்லை. எனக்குக் கோபம் வந்து அப்படியே கமராவை அமத்தினேன். அந்த நேரம் பார்த்துத்தான் அவள் எழும்பினாள். படத்தில் அவளுடைய தோளும், கொண்டையும், கடகத்தைத் தூக்குகிற கையும் ஓரத்தில் பெரிதாக விழுந்திருக்கின்றன. பாலம் பின்னால் சின்னதாக நிற்கிறது. பழுதான படம் என்று பெட்டிக்கு அடியில் போட்டேன். மற்றநாள் ஆளில்லாத பாலத்தையும் எடுத்தேன். ஸ்ரூடியோக்காரர் அதைப் பெருப்பித்துத் தன் கடைக் கண்ணாடியில்கூட வைத்தார். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஸ்ரூடியோக்காரர் புகழ்ந்தது செத்த வீட்டுக்குப் போன ஊர் மாதிரிக் கிடக்கிறது. பழுதான படத்தில் மீன் மணக்கிறது.

இனி உன் படம். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அங்காலைப் பள்ளிக்கூடத்தில் உனக்கு ரீச்சர் வேலை கிடைத்து, எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக நீதான் தினமும் அந்தப் பாலத்தைக் கடந்து போய் வந்தாய். அரசாங்க உத்தியோகம் என்பதால் பெரியப்பாவும் வாய் திறக்கவில்லை. அந்த வருசம் ஒரு காலையில் எடுத்த படத்தில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இரண்டு சைக்கிள் சாய்ந்து நிற்கின்றன. ஒன்றின் முன்னால் உன் கூடை. மற்றது ஆண்கள் சைக்கிள். படம் வந்த அன்று, "ஏன் பிள்ளை, சைக்கிளுக்குக் காத்துப் போச்சோ?" என்று உன்னைக் கேட்டேன். "ஓம் அம்மா" என்றாய், முகத்தைக்கூடத் திருப்பாமல். காற்றுப் போன சைக்கிளுக்குத் துணையாக மற்ற சைக்கிள் ஏன் நின்றது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெடியன் யார், எப்படிப்பட்டவன் என்று திரேசம்மாவிடம் மீன் விலை பேசுகிற சாட்டில் நானே விசாரித்துக்கொண்டேன். தாய் தன் மகனைப் பற்றிச் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். தள்ளினாலும் மிச்சம் போதுமானதாக இருந்தது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நீயே துணிந்து அப்பாவிடம் சொன்னாய். அப்பா எழும்பிப் போனார். பெரியப்பா வந்து நடு வீட்டில் நின்று பேசினார். "அவள் அங்காலை கட்டினா, இந்த வீட்டு நன்மை தின்மைக்கு நாங்கள் ஒருத்தரும் இல்லை. நாளைக்கு அவளின்ரை தம்பிக்கு ஆர் பொம்பிளை குடுக்கிறது எண்டும் யோசியுங்கோ" என்றார். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வராமல் விடுவதைவிடப் பெரிய தண்டனை எங்கள் ஊரில் இல்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குச் சிநேகிதி வீட்டுக்குப் போனாய். அன்று நான் உன்னோடு பஸ் எடுக்கிற சந்தி வரைக்கும் வந்தேன், ஆனால் ஒன்றும் கதைக்கவில்லை. அம்மாவும் கைவிட்டுவிட்டாள் என்று நீ நினைத்திருப்பாய். நான் யோசித்துக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான். எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓடாது.

யோசித்து முடிந்ததும் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கொஞ்சப் பனங்கட்டி வைத்தேன். கமராவைத் தோளில் கொழுவிக்கொண்டு பின்னேரம் புறப்பட்டேன். பெண் வீட்டார் போய்ச் சம்பந்தம் கதைப்பதுதான் முறை. ஆண்கள் போகமாட்டோம் என்றால் முறை செத்துவிடுமா? பாலத்தடியில் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "எங்கை அக்கா தட்டத்தோடை?" என்று ஒருத்தி கேட்டாள். "அங்காலை" என்றேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதனால் மூடப் பார்க்கவும் இல்லை. பாலத்தின் நடுவிலே தட்டத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன். இவ்வளவு படம் எடுத்த பாலத்தில் அந்தப் பாதிக்கு அப்பால் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

திரேசம்மா கிணற்றடியில் கடகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதற் கேள்வி, "என்னக்கா, மீன் பழுதாப் போச்சோ?" என்பது. அவள் அதைப் பகிடிக்குக் கேட்கவில்லை. இத்தனை வருசப் பழக்கத்தில் நான் பாலம் கடந்து வருவதற்கு அவளுக்கு வேறு காரணம் ஒன்றும் தோன்றவில்லை.

"மீனுக்கு வரேல்லை. சம்பந்தம் கதைக்க வந்தனான்" என்றேன்.

அவள் கையைச் சீலையில் துடைத்தாள். இருங்கோ என்று சொல்லவில்லை. "உங்கடை அவர் வரேல்லையோ?"

"வரேல்லை."

"அவரின்ரை தமையன்?"

"வரமாட்டார்."

"அப்ப ஆர் கதைக்கிறது?"

"நான்தான். பாலத்தடியிலை நீங்கள் என்னோடை எவ்வளவு காலமாக் கதைக்கிறியள். இண்டைக்கு மட்டும் நான் காணாதோ?"

அவளை நான் வாழ்நாளெல்லாம் 'நீர்' என்றுதான் கூப்பிட்டேன். அன்றைக்கு 'நீங்கள்' வந்தது. அவள் அதைக் கவனித்தாள். உள்ளே போய்க் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். ஆனால் இளகிவிட்டாள் என்று நினைக்காதே. அவளும் லேசுப்பட்டவள் அல்ல, நீ அவளோடு வாழப்போகிறாய், தெரிந்து வைத்துக்கொள்.

"என்ரை ஆக்களும் சும்மா இல்லையக்கா. எங்கடை பெடியனுக்கு எங்கடைக்குள்ளை பொம்பிளை இல்லையோ எண்டு என்ரை அண்ணன் கேக்கிறார். பிள்ளை ஞானஸ்நானம் எடுத்தா எல்லாரின்ரை வாயையும் மூடிப்போடலாம்."

"அதை அவளைத்தான் கேக்கவேணும். உங்கடை அண்ணன்ரை வாயை மூடுறதுக்காக என்ரை பிள்ளையின்ரை தலையிலை தண்ணி ஊத்த ஏலாது. அவளுக்கு மனம் வந்தா நானே கூட்டிக்கொண்டு வாறன்."

கழுவின கடகத்தைக் கவிழ்த்து வைத்தாள். "பெடியனும் உதைத்தான் சொல்லுறான்" என்றாள். பிறகு, "தேத்தண்ணி குடிப்பியளோ?" என்று கேட்டாள். நான் குடிக்கமாட்டேன் என்று எண்ணிக்கொண்டே கேட்டது குரலில் தெரிந்தது.

"ஏன், தேத்தண்ணிக்குள்ளையும் முள்ளு இருக்கோ?" என்றேன். சிரித்துவிட்டாள். நான் கொண்டுபோன பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் குடித்தோம்.

தோளில் இருந்த கமராவைப் பார்த்துவிட்டு அவளாகத்தான் அந்தக் கதையை எடுத்தாள். "பாலம் திறந்த அண்டைக்கு எங்கடை பக்கம் எவ்வளவு சோடினை தெரியுமே? பாண்ட் வாத்தியம், கொடி, பிள்ளையளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை. ஒரு படம்தான் இல்லாமல் போச்சு. நீங்கள் அங்காலை நிண்டு எடுக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். இப்ப வருவா, இப்ப வருவா எண்டு பிள்ளையளை வெயிலுக்கை வரிசையா நிப்பாட்டி வைச்சிருந்தம். பேந்து, பாவம், பிலிம் முடிஞ்சுபோச்சாக்கும் எண்டு நினைச்சம்."

பிலிம் முடியவில்லை மகளே. மிச்சத்தில் நான் பெரியப்பாவின் வண்டில் மாடுகளைப் படம் எடுத்தேன். அந்தப் படமும் இப்போது மேசையில்தான் கிடக்கிறது. இரண்டு மாடும் நல்ல வடிவாக விழுந்திருக்கின்றன. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். "பிலிம் இருந்தது திரேசம்மா. நான்தான் வரேல்லை" என்று மட்டும் சொன்னேன். அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது, "அப்ப இண்டைக்காவது எடுங்கோவன்" என்றாள்.

அவள் வளவின் ஓரத்தில், வள்ளங்கள் கட்டியிருக்கிற இடத்தில் நின்று எடுத்தேன். வெயில் முதுகில் நன்றாக விழுந்தது. முன்னால் வள்ளங்களின் மூக்கு, காய்கிற வலை, பாலத்தின் அவர்கள் பக்க முனையில் மாதாவுக்குக் கட்டிய சின்னக் கூடு, அதற்குப் பின்னால் பாலம். அப்பால் எங்கள் ஊர். எங்கள் ஊர் என்று சொல்கிறேனே தவிர, அங்கிருந்து பார்த்தால் ஊரே இல்லை. ஒரு வரிசை பனை, கீழே கறுப்பாக வேலி, முடிந்தது. எங்கள் கல்வீடும் தெரியவில்லை, கோயில் கோபுரமும் தெரியவில்லை. பாலத்துக்கு அங்காலை உள்ளவர்கள் எங்களைப் பார்த்து ஏங்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்றல்லவா நாங்கள் இவ்வளவு காலமும் நிமிர்ந்து நடந்தோம்? பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை பிள்ளை. எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்தது.

அந்தப் படம் கழுவி வந்த அன்று, ஒன்றும் சொல்லாமல் மற்றப் படங்களோடு மேசையில் வைத்தேன். அப்பா சாப்பிட வந்தவர் கையில் எடுத்துப் பார்த்தார். நீ போன பிறகு அவர் என்னோடு கதைப்பது குறைவு. சோறு, கறி, கடைத் திறப்புக்கொத்து எங்கே, இவ்வளவுதான் கதை. அன்றைக்கு அவராகவே, "நல்லாய் வந்திருக்குது. இது எந்த ஊர்ப் பாலம்? குருநகர்ப் பக்கமோ?" என்று கேட்டார்.

இந்தப் பாலத்தடியில் பிறந்து, இதன் கீழே நீந்திப் பழகி, இதற்குச் சீமெந்து இறக்கும்போது கூட நின்று கணக்குப் பார்த்த மனிசன். நான் கறியை வைத்துவிட்டு, "எங்கடை பாலம்" என்றேன்.

"விசர்க் கதை" என்றார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோனார். தூண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எங்கடை வீடு எங்கை?" என்று கேட்டார்.

"தெரியாது. பனை மறைக்குது."

"கோயில்?"

"அதுவும் தெரியாது."

அவர் வந்து இருந்து சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டு எழும்பும்போது, "அந்தப் படத்தை அவளுக்கே குடும்" என்றார். உன் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் நீ போன பிறகு உன்னைப் பற்றி அவர் பேசிய முதல் வார்த்தை அது.

குடுக்கமாட்டேன் என்று சொன்னேன். அங்கே இருந்து தெரிவதை நீ தினமும் வாசலில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். உனக்கு ஏன் அந்தப் படம்? அது தேவைப்படுவது இந்த வீட்டுக்கு. சட்டம் போட்டு எடுத்து, பெரியப்பா வந்தால் இருக்கிற கதிரைக்கு நேரே நானே ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். அவர் ஒருதரம் வந்து பார்த்துவிட்டார். "உது எவடம்?" என்று கேட்டார். நான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதிரையில் இருப்பதில்லை. எங்கள் நன்மை தின்மைக்குப் பெரியப்பா ஆட்கள் வராவிட்டால் போகட்டும். அவர்கள் வீட்டு நன்மை தின்மைக்கு நான் போவேன், சொன்னாலும் போவேன், சொல்லாவிட்டாலும் போவேன், வாசலில் நின்றாவது வருவேன். யார் யாரை விலக்கி வைக்கிறார்கள் என்று பார்ப்போம். தம்பியிடமும் கேட்டேன். "அக்கான்ரை கலியாணத்தைச் சாட்டி எனக்குப் பொம்பிளை தராத வீட்டிலை எனக்கும் பொம்பிளை வேண்டாம் அம்மா" என்றான். அவனுக்கு என் வாய் வந்திருக்கிறது.

உனக்கு நான் தரப்போவது திரேசம்மாவின் தோள் விழுந்த படம். என் பெட்டியில் உயிருள்ள பாலம் அது ஒன்றுதான். மாட்டுவதற்கு முதல் அவளிடம் காட்டு. முகம் விழவில்லை என்று ஏசுவாள், ஏசட்டும். கலியாணம் கட்டின பிறகு நீயும் அவனும் சண்டை பிடிப்பீர்கள், பிடிக்காத வீடு இல்லை. அப்போது ஒருதரம் அவன் நிற்கிற இடத்தில் போய் நின்று பார். வெயில் சரியில்லை, காற்றுச் சரியில்லை என்று என்னைப் போலச் சாட்டுச் சொல்லிக்கொண்டு நிற்காதே, அதில் காலம் போய்விடும். ஆனால் பார்த்துவிட்டு உன் இடத்துக்குத் திரும்பி வரவும் வேண்டும். அவன் இடத்திலேயே நின்றுவிட்டால் உன் இடத்தில் நிற்க ஆளில்லாமல் போய்விடும். ஞானஸ்நானம் எடுப்பதும் எடுக்காததும் உன் மனம். கடவுளுக்காக எடுப்பதென்றால் எடு, சனத்தின் வாய்க்காக எடுக்காதே. மாமியாரோடு மீன் விலை மட்டும் பேசிப் பார்க்காதே, தோற்றுப்போவாய்.

இனி நீ தாளின் அடியில் எழுதியதற்கு வருகிறேன். நேற்றுக் காலை அப்பா கடைத் திறப்புக்கொத்தை எடுத்துக்கொண்டு படியில் நின்றார். "எத்தினை மணிக்கு?" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. "புதன்கிழமை ஒன்பதுக்கு" என்றேன். தலையை ஆட்டவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை, போய்விட்டார். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் நல்லதாக ஒன்றைச் சேர்த்து எழுதி உன்னை ஏமாற்ற நான் தயார் இல்லை. அவர் வரக்கூடும். வராமலும் விடக்கூடும். வராவிட்டால் எனக்கு நோகும், உனக்கு என்னைவிட நோகும். அதற்காகக் கலியாணம் ஒரு நிமிசமும் பிந்தக்கூடாது.

சுவாமியாரிடம் போய்ச் சொல்: பிள்ளையைத் தாய் கூட்டிவருவாள். அப்படி வழக்கம் இல்லை என்றால், இந்தப் பாலத்தைக் கடந்து பெண் எடுக்கிற வழக்கமும் இருக்கவில்லை என்று அவருக்கு நான் சொன்னதாகச் சொல். யாழ்ப்பாணத்திலிருந்து நீ வருகிற காரைக் கோயில் வரைக்கும் விடாதே. பாலத்துக்கு இங்காலையே நிற்பாட்டி இறங்கு. சந்தை கூடியிருக்கிற நேரம், கூடியிருக்கட்டும். நான் அங்கே நிற்பேன். நீ இறங்கியதும் எங்கள் வீட்டிலிருந்து வருகிற ஒழுங்கைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். பார். அப்பா வந்துகொண்டிருந்தால் ஒரு கை அவருக்கு, மற்றக் கை எனக்கு. ஒழுங்கையில் யாரும் இல்லாவிட்டால் இன்னொரு தரம் பார்க்காதே. என் கையைப் பிடி, நடப்போம்.

உன் அம்மா